ஊர் இல்லாத நடுகல்

வைகையின் கரைப் பகுதியில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு வெளிப்பட்ட நடுகற்களைப் பற்றி மதுரைப் பக்கத்தார் பெருமிதத்தோடு பேசுகிறோம். தமிழி எழுத்துப் பொறித்த அக்கற்களில் சொற்கள் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்று ஆகோளில் பட்ட ஒருவனின் பெயரையும், அவன் ஊரையும், அவன் பங்குகொண்ட பூசலையும் மட்டும் கூறி அமைகிறது. ஒருவனைக் காலத்தில் நிறுத்தப் பெயர், ஊர், செயல் ஆகிய மூன்றும் போதும் என்பது நம் முன்னோர் கண்ட கணக்கு. இம்மூன்றனுள் ஊர் என்பது ஐயத்துக்கு இடமாகிவிட்டால் அந்த நினைவு என்னவாகும்? துளசிதாஸ் பலராம் என்னும் கால்பந்து வீரரின் வரலாறு நம்மை இவ்வினாவின் முன் நிறுத்துகிறது.

பலராம் 1936-இல் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில், எளியதொரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். சென்னைப் படையினரோடும் அவர்களைச் சார்ந்த தொழில்களோடும் சென்ற தமிழர் பலர் அந்தப் படைநகரில் தலைமுறைகளாகக் குடியிருந்தனர். அவரது ஆட்டத்தின் அருமையை முதலில் உணர்ந்தவர் ஐதராபாத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். பயிற்சிக்கு வந்துபோக வழியில்லாத இளைஞருக்கு மிதிவண்டி வாடகைக்கான காசையும் அவரே கொடுத்தார் என்று சொல்வதுண்டு. 1956-இல் சந்தோஷ் கோப்பையை வென்ற ஐதராபாத் அணியில் பலராம் இடம்பெற்றார். அதே ஆண்டின் இறுதியில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

அடுத்த ஆண்டே கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்னும் மூவரின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வது அக்கால ரசிகர் வழக்கம். இடப்புறத்திலும் நடுவிலும் ஒருங்கே ஆடவல்லவர் பலராம். பந்தைத் தாமே அடித்து முடிப்பதைப் போலவே பிறர் அடிக்க எடுத்துக்கொடுப்பதிலும் தேர்ந்தவர். 1961-இல் ஈஸ்ட் பெங்காலின் தலைவராகக் கல்கத்தா லீக்கில் 23 கோல்கள் அடித்து, அந்த ஆண்டின் முதல் கோலடிப்பாளராக விளங்கினார்.

அவர் புகழின் உச்சத்தை 1960-இல் இத்தாலியில் காண்கிறோம். ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய நாடுகள் அடங்கிய பிரிவில் இந்தியா அகப்பட்டது. ஆகஸ்ட் 26 அன்று லாகுயிலா நகரில் ஹங்கேரியை எதிர்த்து ஆடிய ஆட்டத்தில் இந்தியா 1-2 எனத் தோற்றது. அந்த ஒரு கோல் பலராமுடையது. 1967-இல் ஐரோப்பாவின் தலைசிறந்த வீரராகத் தேர்வுபெற்ற ஃப்ளோரியன் ஆல்பர்ட் எதிரணியில் ஆடினார். அதே ஹங்கேரி பெருவை 6-2 என்றும், பிரான்ஸை 7-0 என்றும் வீழ்த்தியதை வைத்துப் பார்த்தால் அத்தோல்வியின் மதிப்பு விளங்கும். பிரான்ஸுடன் 1-1 எனச் சமன் செய்த இந்தியா, செப்டம்பர் 1 அன்று பெஸ்காராவில் பெருவிடம் 1-3 எனத் தோற்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த அந்த ஆறுதல் கோலும் பலராம் அடித்ததே.

1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், பகைமை காட்டிய பெருங்கூட்டத்தின் நடுவே, தென்கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கம் கொண்டது. தாய்லாந்துக்கும் ஜப்பானுக்கும் எதிரான ஆட்டங்களில் பலராம் கோல் அடித்திருந்தார். அந்த ஆண்டே அர்ஜுனா விருதும் பெற்றார். ஆனால் 1963-இல் நுரையீரலை மூடிய உறையில் ஏற்பட்ட அழற்சி அவரை ஆடுகளத்திலிருந்து பிரித்தது. வயது முப்பதைக்கூட எட்டவில்லை. அவரை வளர்த்த ரஹீம் புற்றுநோயால் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

கோஸ்வாமிக்கு 1983-இலும், பானர்ஜிக்கு 1990-இலும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மூவரில் மூன்றாமவருக்கு அது இறுதிவரை கிட்டவில்லை. உத்தர்பாராவில், ஹூக்ளி ஆற்றங்கரையில் தனிமையில் வாழ்ந்த அவர், 2023 பிப்ரவரி 16 அன்று தம் 86-ஆம் வயதில் காலமானார். ரஹீமின் வாழ்வைச் சொல்லும் 'மைதான்' திரைப்படம் அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்தது.

இத்தகைய மறதிக்கு ஒரே காரணத்தைக் காட்டிவிட இயலாது. எனினும் ஒன்றைக் கருதலாம். தெலுங்கு நாட்டுக்கு அவர் வங்கம் சென்றுவிட்டவர். வங்கத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். தமிழ்நாட்டுக்கோ அவர் பெயரே எட்டவில்லை. விருதுக்குப் பரிந்துரைக்கவும், சிலைக்குக் கல் எடுக்கவும் ஓர் ஊர் வேண்டியிருக்கிறது. பலராமைத் தம்மவர் என்று உரிமை கொண்டாட எந்த ஊரும் முன்வரவில்லை. கடல் கடந்தும் மலை கடந்தும் பிழைக்கச் சென்ற தமிழரைப் பற்றி நிறையப் பேசும் நாம், அவர்தம் பிள்ளைகளின் செயலை நம் வரலாற்றில் எழுத ஏனோ தயங்குகிறோம்.

1960-க்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியதே இல்லை. எனவே பெஸ்காராவில் பலராம் அடித்த கோலே இன்றுவரை ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோலாக நிற்கிறது. பெயரும் செயலும் இருக்கின்றன. ஊரைப் பொறிக்க வேண்டியவர்கள் நாமே.