இறைமை யாருடையது?

நமது நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்புரை, இறைமை மக்களுக்குரியது, அது பராதீனப்படுத்த முடியாதது என்று கூறுகின்றது. அதாவது, அதனை விற்கவோ, ஈடுவைக்கவோ, தானமாகக் கொடுக்கவோ ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. இன்று இதனைப் படிக்கும்போது சூரியன் கிழக்கே உதிக்கின்றது என்பது போலத் தோன்றும். ஆனால் நம் மண்ணின் சரித்திரத்திலே இறைமை கைமாறிய ஒவ்வொரு தடவையும் அதனைக் கொடுத்தவரும் வாங்கியவரும் வேறு யாரோ ஒருவர். மக்களை எவரும் கேட்டதில்லை.

ஆரியச்சக்கரவர்த்திகளின் இராச்சியத்தை இக்காலத்துத் தேசப்படம் போல எல்லைக்கோடு கீறிக் காட்டுவதில் நம்மவர்க்கு விருப்பம் அதிகம். பெரியோர் பொறுத்தருள்க, அக்காலத்து அரசு கோட்டுக்குள் அடங்குவதன்று. 1344இல் இங்கு வந்த இபின் பதூதா என்னும் யாத்திரிகர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தது நல்லூரில் அன்று, புத்தளப் பக்கத்துக் கரையிலேயாம். அவர் கண்டது முத்துக் குவியலையும் கப்பல்களையும். சிவனொளிபாத மலைக்குப் போக விரும்புகின்றேன் என்றதும், மன்னன் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்து அனுப்பினான். அவ்வரசர் நாணயங்களிலே நந்தியும் ‘சேது’ என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டன. சேதுவோ கடலுக்கு அப்பாலும் நீள்வது. முத்துக்குளிப்பு, துறைமுகத் தீர்வை, யானை வாணிகம், சிற்றரசர் செலுத்தும் திறை என்பனவே அன்றைய ஆட்சியின் அளவுகோல். திறை வாங்கினவன் மறுதலைமுறையில் திறை கொடுப்பான். ஆயினும் அரசன் அரசனே. 1450 அளவில் கோட்டை இராசகுமாரன் செண்பகப் பெருமாள் நல்லூரைக் கைப்பற்றினான்; 1467இல் அவன் கோட்டைச் சிம்மாசனத்தை நாடித் திரும்பியபின் பழைய வமிசம் மீண்டும் முடிசூடிற்று.

இத்தகைய நெகிழ்ச்சியான அரசியலுக்குள்ளேதான் பறங்கியர் வந்து இறங்கினர். அவர்களுடைய ஐரோப்பாவிலே அப்போது வேறொரு எண்ணம் முளைவிட்டுக்கொண்டிருந்தது. 1576இல் பிரான்சு தேசத்துப் போடின் என்னும் அறிஞர், இறைமை என்பது ஒருவரோடும் பங்கிடப்படாத, நிலையான அதிகாரம் என்று எழுதினார். அதற்கும் முன்னரே, 1494இல், போர்த்துக்கல்லும் ஸ்பெயினும் தாம் காணாத கடல்களையும் நாடுகளையும் ஓர் உடன்படிக்கையால் தமக்குள் பிரித்துக்கொண்டன. நாடு என்பது பத்திரத்தில் எழுதிக் கைமாற்றத் தக்க பொருள் என்பது அவர்கள் கொள்கை. 1580இல் கோட்டை அரசன் தர்மபாலன், தனக்குப் பிள்ளை இல்லாவிடில் தன் இராச்சியம் போர்த்துக்கல் மன்னனுக்கே சேரும் என்று எழுதிக் கொடுத்தான். பனங்காணியைக்கூட நாம் பங்காளியைக் கேளாமல் எழுதிக் கொடுப்பதில்லை! 1591இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கி அரசனைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தைத் தம் மன்னனுக்குக் கீழ்ப்பட்ட அரசனாக்கினர். திறை கொடுப்பது நம்மவர்க்குப் பழக்கமானதே. ஆனால் வாங்கினவர்கள் அதனைத் திறையாகக் கொள்ளாமல் முழு உரிமைக்கு அச்சாரமாகக் கொண்டனர். 1619இல் பிலிப் தே ஒலிவேரா சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்தான். அவன் கோவாவிலே கொல்லப்பட்டான். நல்லூர்க் கந்தன் ஆலயமும் 1621இல் இடிக்கப்பட்டது.

அடுத்து வந்தவர் கதை இன்னும் விசித்திரமானது. ஒல்லாந்தர் ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்து எண்பது ஆண்டுகள் போராடி, 1648இல் வெஸ்ற்பேலிய உடன்படிக்கைகளால் தனிநாட்டவர் என்ற அங்கீகாரம் பெற்றனர். நான் படித்த மிஷன் பாடசாலையிலே இந்த 1648ஐ, நவீன தேசங்கள் பிறந்த ஆண்டென்று நாங்கள் மனனஞ் செய்தோம். பத்தாண்டு கழிந்து 1658இல் அதே ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தனர் என்பதை ஒருவரும் அதனோடு சேர்த்துச் சொல்லவில்லை. ஐரோப்பாவிற்கு ஒரு நீதி, ஆசியாவிற்கு ஒரு நீதி! மேலும், பிடித்தது ஓர் அரசன்கூட அன்று. 1602இல் அமைந்த ஒரு வியாபாரக் கம்பெனி. படை வைக்கவும் கோட்டை கட்டவும் உடன்படிக்கை செய்யவும் அதற்குப் பட்டயம் இருந்தது. இறைமை பங்குதாரரின் கணக்கேட்டுக்குள் வந்துவிட்டது.

ஆயினும் அக்கம்பெனியாலேயே நமக்கொரு நூல் கிடைத்தது. தேசாதிபதி சைமன்ஸ் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை நம் நாட்டு வழக்கங்களைத் திரட்டினார். அது தமிழாக்கப்பட்டு, பன்னிரு முதலிமாரால் பார்வையிடப்பட்டு, 1707இல் தேசவழமை எனச் சட்டமாயிற்று. முதுசம், சீதனம், தேடிய தேட்டம், ஒற்றி என்பன அரசனில்லாத நாட்டிலும் நிலைத்தன. ஆங்கிலேயர் 1806இல் அதனை ஒப்புக்கொண்டனர். இன்றும் நம் காணி வழக்குகளில் அது பேசுகின்றது. முடி போயினும் வழமை போகவில்லை என்று நம் பெரியோர் பெருமை கொள்வது நியாயமே. ஆனால் அந்நூலில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று பெயர் குறித்தே அது பேசுகின்றது. பன்னிரு முதலிமாரும் ‘நாட்டார்’ சார்பில் ஆம் என்றபோது, அந்த நாட்டாருள் இவர்கள் சேரவில்லை, பெண்டிரும் சேரவில்லை. அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1844 வரை செல்ல வேண்டியதாயிற்று.

ஆங்கிலேயர் காலத்தைச் சுருங்கச் சொன்னாற் போதும். 1795இல் யாழ்ப்பாணமும், 1815இல் கண்டியும் அவர் கைப்பட்டன. 1833இல் தீவு முழுதும் ஒரே நிருவாகமாயிற்று. நாம் இன்று ‘நாடு’ என்று கருதும் அமைப்பு அந்த ஆண்டின் ஆக்கம்.

மக்களைக் கேட்ட முதல் ஆண்டு 1931. டொனமூர்த் திட்டத்தின்படி ஆண், பெண் இருபாலார்க்கும் சாதி, சொத்து, கல்வி என்ற தடையின்றி வாக்குரிமை கிடைத்தது. அப்பொழுது ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் நடத்திய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ், இத்திட்டம் பூரண சுயராச்சியம் அன்று என்று கூறித் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. அவர்கள் கேட்டது நல்லூர் முடியை அன்று. இலங்கை முழுதுக்கும் விடுதலையை. சாதி வேற்றுமையையும் அவர்கள் எதிர்த்தவர்கள். 1927இல் காந்தியடிகளை இங்கு அழைத்து வந்தவர்களும் அவர்களே. அவர்கள் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எனினும், யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் அவ்வாண்டு ஒரு நியமனப் பத்திரமும் கொடுபடவில்லை. முதலிமார் கேளாமல் விட்டவர்களின் சந்ததியாருக்கு முதன்முறை ஒரு வாக்கு கையில் வந்தபோது, அதனை இடுவதற்குப் பெட்டி இருக்கவில்லை. அரசாங்க சபைக்குத் தம் பிரதிநிதி ஒருவர் செல்வதைக் காண, அத்தொகுதி மக்கள் 1934 வரை காத்திருந்தனர்.