தடை நீங்கியும் கணினியில் தங்கிவிட்ட ப்ரொக்ஸி: உலாவி அதை எங்கிருந்து வாசிக்கிறது?

கல்முனையில் கணினி திருத்தும் சிறிய கடையொன்றை நடத்தி வருகிறேன். 2018 ஏப்ரலில் மருதமுனையிலிருந்து ஒரு தங்கச்சி தனது லெப்டொப்பைக் கொண்டுவந்தார். “காக்கா, வீட்டுல வைபை நல்லா இருக்கு, போன்ல எல்லாம் வருது. இதுல மட்டும் ஒண்டும் திறக்குதில்ல” என்றார். அரச வேலையொன்றுக்கான இணைய விண்ணப்பத்துக்கு மறுநாள்தான் இறுதித் திகதி. குரோம் உலாவியை அழித்து மீண்டும் நிறுவியும் பார்த்திருக்கிறார். பயனில்லை. விண்டோஸையே அழித்துப் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பழுது விண்டோஸிலும் இல்லை, குரோமிலும் இல்லை. ஒரு மாதத்துக்கு முன் கணினியில் பதிந்த ஒரு ப்ரொக்ஸி முகவரி அப்படியே கிடந்தது. அதை நீக்க இரண்டு நிமிடம்தான் எடுத்தது.

அந்த முகவரி எப்படி வந்தது என்பது எங்கள் பகுதியில் பலருக்கும் தெரிந்த கதை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் கண்டி, திகன பகுதியில் வன்முறை பரவியது. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், அதே ஆண்டு மே மாத வன்முறையின்போதும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இதுபோன்ற தடைகள் வந்தன. வெளிநாட்டிலுள்ள வாப்பாவோடும் பிள்ளைகளோடும் பேச வழி தேடிய குடும்பங்கள், கையில் கிடைத்த விபிஎன் செயலிகளையும் இலவச ப்ரொக்ஸி முகவரிகளையும் போட்டுக்கொண்டன. தடை நீங்கியதும் செயலியை அழித்தார்கள். அது கணினியில் எழுதிவைத்த அமைப்பு எல்லா இடத்திலும் அழியவில்லை.

ப்ரொக்ஸி என்பது என்ன?

உங்கள் கணினிக்கும் நீங்கள் தேடும் தளத்துக்கும் நடுவில் நிற்கும் இன்னொரு கணினிதான் ப்ரொக்ஸி. உலாவி தளத்திடம் நேரே போகாமல் கோரிக்கையை அதனிடம் கொடுக்கும், அது வாங்கிவந்து தரும். அலுவலகங்களிலும் வளாகங்களிலும் இதற்கு நியாயமான பயன்பாடு உண்டு. அந்த நடுக் கணினி நின்றுபோனால் பக்கங்கள் திறக்காது. மருதமுனைத் தங்கச்சிக்கு நடந்தது இதுதான்.

ப்ரொக்ஸியை மூன்று விதமாகக் குறிக்கலாம். முகவரியையும் துறை எண்ணையும் நேரடியாக எழுதுவது முதல் வழி. இரண்டாவது, ‘பெக்’ எனப்படும் கோப்பின் முகவரியைக் கொடுப்பது. இது 1996 அளவில் நெட்ஸ்கேப் உலாவியோடு வந்த ஏற்பாடு. அந்தக் கோப்பு ஒரு சிறிய ஜாவாஸ்க்ரிப்ட் நிரல். எந்தத் தளத்துக்கு எந்த வழியால் போவது என்பதை அது ஒவ்வொரு முறையும் சொல்லும். மூன்றாவது, வலையமைப்பிலிருந்து தானாகவே கண்டுபிடிக்க விடுவது.

உலாவி எங்கே பார்க்கிறது?

குரோமை மீண்டும் நிறுவியும் ஏன் பலனில்லை? குரோம் தனக்கென ப்ரொக்ஸி முகவரி எதையும் வழக்கமாக வைத்திருப்பதில்லை. இயங்குதளத்திடம் கேட்கிறது. உலாவி நீட்சி ஒன்று ப்ரொக்ஸியை மாற்றியிருந்தால் மட்டும் அதன் சொல்லை முதலில் கேட்கும். பயர்பொக்ஸுக்குத் தனியாக ஓர் அமைப்புப் பக்கம் உண்டு. ஆனால் அதிலும் இயல்பாகத் தெரிவாகியிருப்பது ‘இயங்குதளத்தின் அமைப்பைப் பயன்படுத்து’ என்பதே.

இயங்குதளங்கள் இதை ஒரே இடத்தில் வைப்பதில்லை. விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியில் பயனருக்குரிய ‘இன்டர்நெட் செட்டிங்ஸ்’ பகுதியில் இருக்கும். பின்னணிச் சேவைகள் பலவற்றுக்கு ‘வின் எச்டிடிபி’ என்ற வேறொரு அமைப்பும் உண்டு. மெக் கணினியில் ஒவ்வொரு வலையமைப்பு இணைப்புக்கும் தனித்தனியே இருக்கும். லினக்ஸில் க்னோம் மேசைத்தளம் ஓரிடத்திலும் கேடிஈ வேறோரிடத்திலும் எழுதிவைக்கின்றன. முனையத்தில் ஓடும் நிரல்கள் பெரும்பாலும் சூழல் மாறிகளைப் பார்க்கின்றன.

மொழி இணைப்புகள் எதற்கு?

இத்தனை இடங்களையும் ஒவ்வொரு நிரலும் தானாகத் தேடுவது வீண்வேலை. அதற்காகவே ‘லிப்ப்ரொக்ஸி’ போன்ற நூலகங்கள் உள்ளன. இந்தத் தளத்துக்கு எந்த வழி என்று ஒரு நிரல் கேட்டால், அந்த நூலகம் இயங்குதளத்தின் அமைப்பை வாசித்து, ‘நேரே போ’ என்றோ ‘இந்த முகவரியூடாகப் போ’ என்றோ பதில் தரும். நூலகம் ஒரு மொழியில் எழுதப்பட்டிருக்கும். பைதன், பேர்ள் போன்ற வேறு மொழிகளில் எழுதுபவர்களும் அதை அழைப்பதற்கு நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். அதுதான் ‘பைண்டிங்’ எனப்படும் மொழி இணைப்பு. 2023இல் லிப்ப்ரொக்ஸி புதிதாக எழுதப்பட்டபோது, மொழிக்கொன்றாகக் கையால் எழுதிய இணைப்புகளுக்குப் பதிலாகப் பல மொழிகளுக்கும் பொதுவான ஒரு வழி வந்தது.

ஆனால் எல்லா மொழிகளும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. இதை நான் என் தவறிலிருந்தே கற்றேன். 2019 தடைக்குப் பின் வரும் கணினிகளைச் சோதிக்க பைதனில் ஒரு சிறு நிரல் எழுதினேன். சாய்ந்தமருதுக் கடைக்காரர் ஒருவரின் கணினியை அதனால் சோதித்து, “ஒன்றும் இல்லை, சுத்தம்” என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார். பக்கங்கள் இன்னும் தெரியாத ஒரு முகவரியூடாகவே போய்க்கொண்டிருந்தன.

காரணம் எளிது. பைதனோடு வரும் வழக்கமான கருவி, விண்டோஸில் நேரடியாக எழுதிய ப்ரொக்ஸி முகவரியை வாசிக்கும், பெக் கோப்பைக் கணக்கில் எடுக்காது. அவருடைய கணினியில் இருந்தது பெக் கோப்பு. உலாவி அதை வாசித்தது, என் நிரல் வாசிக்கவில்லை. ஜாவா இன்னொரு வகை: நிரலில் தனியாகக் கேட்டாலொழிய அது இயங்குதளத்தின் ப்ரொக்ஸியைப் பொருட்படுத்தாது. அதனால் ஒரே கணினியில் ஒரு மென்பொருள் வேலை செய்து இன்னொன்று செய்யாமல் இருக்கலாம்.

ஆபத்து எங்கே?

நின்றுபோன ப்ரொக்ஸியைவிட ஓடிக்கொண்டிருக்கும் ப்ரொக்ஸிதான் ஆபத்தானது. ஏனெனில் எதுவும் பழுதாகத் தெரியாது. பூட்டுக் குறி இல்லாத தளங்களில் நீங்கள் எழுதுவதையெல்லாம் அந்த நடுக் கணினி வாசிக்கலாம். பூட்டுக் குறி உள்ள தளங்களில் உள்ளடக்கம் தெரியாவிட்டாலும், எந்தத் தளத்துக்கு எப்போது போனீர்கள் என்பது தெரியும். விபிஎன் போடும்போது ஏதேனும் ‘சான்றிதழ்’ நிறுவச் சொல்லி நீங்கள் சம்மதித்திருந்தால், அந்தப் பாதுகாப்பும் போய்விடலாம். வங்கிக் கணக்கு வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

நீங்களே பார்த்துக்கொள்ள

விண்டோஸ் 10, 11இல் ‘செட்டிங்ஸ்’ சென்று ‘நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட்’, பின் ‘ப்ரொக்ஸி’ பகுதியைத் திறவுங்கள். நேரடி முகவரி, பெக் கோப்பு முகவரி இரண்டும் நிறுத்தப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்து நான் விட்ட தவறைச் செய்யாதீர்கள். அடுத்து, உலாவியின் நீட்சிகளில் தெரியாத விபிஎன் இருந்தால் அகற்றுங்கள். பயர்பொக்ஸ் பாவிப்போர் அதன் சொந்த அமைப்புப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அன்ட்ரொயிட் போனில் வைபை இணைப்பின் விபரங்களில் ‘ப்ரொக்ஸி’ என்பது ‘நன்’ என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு வைபைக்கும் இது தனித்தனி என்பதால், வீட்டு இணைப்பையும் கடை இணைப்பையும் பாருங்கள். அலுவலகக் கணினியானால் பொறுப்பானவரிடம் கேட்காமல் கைவைக்க வேண்டாம்.

தங்கச்சி அன்று என் கடையிலிருந்தே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுப் போனார். விண்டோஸை அழித்திருந்தால் அவர் ஸ்கேன் செய்து வைத்திருந்த சான்றிதழ்களும் போயிருக்கும். இணையம் திறக்காத கணினியை அழிக்கச் சொல்லுமுன், ப்ரொக்ஸி பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.