பழைய சுங்கான்களின் அசல்தன்மையும் வேலைத்தரமும்

பழைய சுங்கான் (பைப்) ஒன்று கைமாறும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. இதைச் செய்தவர் யார், எப்போது என்பது ஒன்று. எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு முத்திரை விடை தரும். இரண்டாவதற்கு மரத்தையும் துளையையும் பொருத்துகளையும் பார்த்தாக வேண்டும். புகழ்பெற்ற பெயரைத் தாங்கிய சுமாரான சுங்கான்களும் உண்டு, பெயரே இல்லாத அருமையான வேலைப்பாடுகளும் உண்டு. சேகரிப்பாளர் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கருதும்போதுதான்.

இன்று காலக்கணிப்புக்கு உதவும் அடையாளங்களில் பெரும்பாலானவை சேகரிப்பாளரை மனதில் வைத்து இடப்பட்டவை அல்ல. கைவினைஞர் சங்க ஒழுங்கு, காப்புரிமை, வெள்ளித் தரச் சட்டம், வாடிக்கையாளருக்குத் தந்த உத்தரவாதம் எனப் பல தேவைகளுக்காக அவை பொறிக்கப்பட்டன. எந்தத் தேவைக்காக எந்த அடையாளம் வந்தது என்று தெரிந்தால்தான் அதைச் சரியாகப் படிக்க முடியும்.

களிமண்ணும் கடல்நுரைக்கல்லும்

இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வெண்களிமண் சுங்கான்கள் செய்யப்பட்டன. புகையிலை விலை மிகுந்திருந்த அந்நாட்களில் கிண்ணம் விரல்நுனி அளவே இருந்தது. புகையிலை மலிந்தபோது கிண்ணம் பெருத்தது. ஆகவே கிண்ணத்தின் அளவும் சாய்வும் காலத்தைக் காட்டும் முதல் சான்று. 1619-இல் சுங்கான் செய்வோர் சங்கத்துக்கு முதலாம் ஜேம்ஸ் மன்னர் பட்டயம் வழங்கினார். 1604-இல் புகையிலையைக் கண்டித்து நூல் எழுதியவரும் அவரே. செய்தவர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளையோ சிறு சின்னத்தையோ கிண்ணத்தின் அடிக்குமிழில் பதித்தனர். நெதர்லாந்தின் கௌடா நகரச் சுங்கான்களிலும் இந்த வழக்கம் உண்டு.

களிமண் சுங்கான் எளிதில் உடையும், உடைந்ததைத் தூக்கி எறிவார்கள். அதனால் பழைய குடியிருப்புகளின் மண்ணில் அதன் தண்டுத் துண்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. தண்டு நீள நீள அதன் உள்துளை சிறுத்துவந்ததை அமெரிக்கத் தொல்லியலாளர் ஜே. சி. ஹாரிங்டன் 1954-இல் காட்டினார். தொடக்ககாலத் துளை அங்குலத்தில் 9/64 பங்கு, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 4/64. துளைக்கருவியின் அலகுகளை நுழைத்தே அவர் அளந்தார். லூயிஸ் பின்ஃபோர்ட் 1962-இல் இதை ஒரு கணிதச் சமன்பாடாக்கினார். இந்தக் கணக்கு ஒரு குவியலின் சராசரிக் காலத்தைத் தரும். தனி ஒரு சுங்கானுக்கு இதை வைத்து ஆண்டு சொல்லி விற்பவரை நம்பக் கூடாது.

கடல்நுரைக்கல் என்னும் மீர்ஷாம், துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் மென்மையான மெக்னீசியம் சிலிக்கேட் கனிமம். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வியன்னாக் கைவினைஞர்கள் இதில் தலைகள், குதிரைகள், வேட்டைக் காட்சிகள் எனச் செதுக்கிக் குவித்தனர். முழுக்கல்லில் செதுக்கியது தேன்மெழுகையும் புகையையும் உள்ளிழுத்து ஆண்டுக்கணக்கில் பொன்னிறமாகிப் பழுப்பேறும். செதுக்கியபோது உதிர்ந்த தூளைப் பிசினோடு அழுத்திச் செய்தது அப்படி நிறம் மாறாது. பளபளக்கும் வெள்ளையோடு வரும் ‘நூறாண்டுப் பழைய’ மீர்ஷாமைப் பார்த்தால் இதை நினைவில் கொள்ள வேண்டும். அளவெடுத்துச் செய்த தோல் பெட்டி உடனிருந்தால், அதன் உட்பட்டில் அச்சிட்ட கடைப்பெயர் நல்ல துணைச்சான்று.

பிரையர் வேர்க்கட்டை

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள செயின்ட் க்ளாட் நகரக் கடைசல்காரர்கள் பிரையருக்கு மாறினர். மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிகா ஆர்போரியா என்னும் புதரின் வேர்முடிச்சு அது. எளிதில் கருகாது, வெடிக்காது. முடிச்சை அறுத்து, மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சாற்றை நீக்கி, மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். இதில் அவசரம் காட்டினால் சுங்கான் கசக்கும். பழைய தொழிற்சாலைகளின் மதிப்பில் பெரும்பங்கு, கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொறுமைக்கு உரியது.

முத்திரைகளைப் படித்தல்

ஆல்ஃப்ரட் டன்ஹில் 1907-இல் லண்டன் ட்யூக் தெருவில் கடை திறந்தார், 1910-இல் சொந்தமாகச் சுங்கான் செய்யத் தொடங்கினார். வாய்த்தண்டின் மேற்பக்கம் எது என்று காட்டுவதற்காக வைக்கப்பட்ட வெள்ளைப் புள்ளி பின்னர் உலகறிந்த வணிகக்குறியாயிற்று. புள்ளியைப் போலியாகப் பதிப்பது எளிது. உண்மையான சான்று, கிண்ணத்தைத் தாங்கும் மரத்தண்டில் குத்தப்பட்ட எழுத்துகள்.

1921-இல் செய்தவற்றிலிருந்து, நாட்டின் பெயருக்குப் பின்னால் சற்றே உயர்த்தி அடிக்கோடிட்ட சிறிய எண் ஒன்று வருகிறது. அது உற்பத்தி ஆண்டு. சுங்கானுக்குத் தந்த ஓராண்டு உத்தரவாதத்தைக் கணக்கு வைக்கவே இந்த முறை வந்தது. சிக்கல் என்னவென்றால், எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 15 என்றிருந்தால் 1935-ஆகவும் இருக்கலாம், 1975-ஆகவும் இருக்கலாம். அங்கே காப்புரிமை எண் உதவுகிறது. 417574/34 என்ற எண் உடனிருந்தால் முன்னது. வட்டத்துக்குள் அளவைக் குறிக்கும் இலக்கம், அருகில் வகையைக் குறிக்கும் எழுத்து என்றிருந்தால் பின்னது. அந்த வட்ட எண்முறை 1950-களில் வந்து 1970-களின் நடுவில் போய்விட்டது.

காப்புரிமை எண்ணையே செய்த ஆண்டாகப் படிப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. மணலை வீசி மரத்தின் மென்பகுதியை அரித்துச் செய்யும் ‘ஷெல்’ வகைக்கு டன்ஹில் 1917-இல் காப்புரிமை கோரினார். 119708/17 என்ற அந்த எண் பல ஆண்டுகள் தொடர்ந்து குத்தப்பட்டது. அதில் உள்ள 17, கண்டுபிடிப்பின் ஆண்டு மட்டுமே. ஷெல் வகையை வேலையழகால் அறியவும் வழி உண்டு. பழைய ஷெல்களுக்கு மென்மையான அல்ஜீரியப் பிரையர் பயன்பட்டது. மணல் அதில் ஆழமாக இறங்கிப் பள்ளமும் முகடுமாகச் செதுக்கியது, கிண்ணத்தின் வடிவமே சற்றுக் கோணியது. பிற்காலக் கடின மரத்தில் அந்த ஆழம் அரிது. ஜான் லோரிங்கின் டன்ஹில் நூல் இந்தக் குறிகளையெல்லாம் தொகுத்துத் தந்த பெரும்பணி.

டப்ளினின் பீட்டர்சன் சுங்கான்களை அயர்லாந்தின் அரசியல் வரலாறே காலம் பிரித்துவிடுகிறது. ‘ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்’ என்ற பெயர் இருந்தால் 1922 முதல் 1937 வரை. ‘எய்ரே’ என்றால் அதற்கு அடுத்த சில ஆண்டுகள். ‘அயர்லாந்துக் குடியரசு’ என்று வந்தால் 1940-களின் இறுதிக்குப் பிந்தையது. வெள்ளிப் பூண் இருந்தால் டப்ளின் சோதனைச்சாலையின் முடிசூடிய யாழும், ஹைபர்னியா உருவமும், ஆண்டெழுத்தும் இருக்கும். அந்த ஆண்டெழுத்து பிசகாது. மூவிலைக் கிளாவர், வேட்டைநாய், வட்டக் கோபுரம் என்ற மூன்று சின்னங்களும் நிக்கல் பூணில் காணப்படும். இவை நிறுவனம் அழகுக்காக இட்டவை. இவற்றை வெள்ளி முத்திரை என்று சொல்லி விற்பது இன்றும் நடக்கிறது.

லண்டனின் பார்லிங் வெள்ளிக்கொல்லர் குடும்பம். அவர்களின் சுங்கான்களில் 1960-களின் தொடக்கம் ஓர் எல்லைக்கோடு. குடும்பத்தின் கையைவிட்டு நிறுவனம் போன பிறகு முத்திரையின் எழுத்துருவும் மாறிற்று, தரமும் மாறிற்று. முந்தையதற்கே மதிப்பு.

வேலைத்தரம்

முத்திரையைப் பார்த்து முடித்ததும் தண்டுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். காற்றுத்துளை கிண்ணத்தின் அடியில், நடுவில், மிகச் சரியாகத் திறக்கிறதா? சற்று மேலே திறந்தால் அடியில் ஈரப் புகையிலை எரியாமல் தங்கும். வாய்த்தண்டின் கழுந்து மரத்துளையின் ஆழம்வரை போய் உட்கார்கிறதா? இடைவெளி இருந்தால் புகை அங்கே குளிர்ந்து நீராகும். சுத்தம் செய்யும் கம்பித்திரி தடையின்றிக் கிண்ணம்வரை போவது நல்ல வேலையின் எளிய அடையாளம்.

மரத்தின் வரிகளை அடுத்துப் பார்க்கலாம். கிண்ணத்தின் உச்சியிலிருந்து அடிவரை நேராக ஓடும் வரி மிக அரிது. அதைப் பெற, கட்டையைத் தேர்ந்து, வரிக்கேற்ப வடிவத்தைத் திருப்ப வேண்டும். பிரையரில் மணல்துகள் விட்ட குழிகள் சாதாரணம். மலிவான சுங்கான்களில் அவற்றை மக்கு அடைத்துச் சாயத்தால் மறைப்பார்கள். சாயம் மங்கும்போது அவை வெளிறிய புள்ளிகளாகத் தெரியும். டென்மார்க்கில் 1950-கள் தொடங்கி, சுவீடனில் பிறந்த சிக்ஸ்டன் இவார்சன், முதலில் வெளிவடிவத்தை உருவாக்கிப் பிறகு துளையிடும் முறையைக் கொண்டுவந்தார். வரி போகும் வழியில் வடிவமும் போக அது இடம் தந்தது. கையால் செய்த சுங்கானைக் கலைப்பொருளாக மதிப்பிடும் பழக்கம் அவருக்குப் பிறகே வலுப்பெற்றது.

பழுதுபார்ப்பு

வல்கனைட் வாய்த்தண்டு வெயில் பட்டால் பச்சைகலந்த பழுப்பாகும். இது இயல்பு. முழுக் கருப்பாக மின்னும் பழைய தண்டு மெருகேற்றப்பட்டது, அல்லது மாற்றப்பட்டது. மரத்தண்டும் வாய்த்தண்டும் சேரும் இடத்தில் நகம் இடறினால் மாற்றியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. தேய்ந்த கிண்ண விளிம்பைச் சமன்செய்ய அரைத்திருந்தால், அதே வடிவ எண்ணுள்ள இன்னொன்றோடு உயரத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். இவற்றைச் சொல்லிவிட்டு விற்பது நேர்மையான வணிகம்.

ஈடுசெய்ய முடியாத சேதம் மெருகுச் சக்கரத்தால் வருகிறது. முத்திரை மரத்தில் ஒரு மயிரிழை ஆழமே இறங்கியிருக்கும். இரண்டொரு முறை சக்கரத்தில் பிடித்தால் ஆண்டெண் போய்விடும், மறுமுறை குத்தினால் அது போலி. ஆகவே தெளிந்த முத்திரையும் மங்கிய மேற்பூச்சும் கொண்ட சுங்கானுக்கு, பளபளத்து முத்திரை இழந்த அதே சுங்கானைவிட அதிக விலை கிடைக்கிறது.