ஓர் அறிவிப்புக்கு உரை

பக்கத்து வீட்டுப் பெண் சிதம்பரத்தில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்செடுத்த தாள்களை நீட்டி, "மாமா, இதுல எனக்கு ஏதாவது இருக்கா, பாத்துச் சொல்லுங்க" என்றாள். மருத்துவ ஆய்வுக்கு மத்திய அரசு நிதி தரும் அறிவிப்பு அது. ஓய்வு பெற்ற தமிழாசிரியரிடம் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அண்ணாமலை நகரில் ஆய்வு செய்யும் பிள்ளைகள் பலருக்கு ஒப்புதல் படிவங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் இந்த வகை அறிவிப்புகளும் நிறையக் கண்ணில் பட்டிருக்கின்றன. நிறுவனம் மாறும், தொகை மாறும். சாரம் பெரும்பாலும் மாறாது. எல்லாவற்றையும் காய்ச்சி வடித்தால் என் தமிழில் இப்படி நிற்கும்:

"தேசிய முன்னுரிமை வாய்ந்த நோய்கள் குறித்து, நிரந்தரப் பணியில் உள்ள முதன்மை ஆய்வாளர்கள், தெளிவான நோக்கமும் புதுமையும் கொண்ட ஆய்வுத் திட்டங்களை, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடும் நியாயமான வரவு செலவுக் கணக்கோடும், குறித்த நாளுக்குள் அனுப்ப அழைக்கப்படுகிறார்கள்."

சூத்திரத்துக்குப் பதம் பிரித்து உரை சொல்வது போல இதற்கும் சொல்லிப் பார்த்தோம். அன்று திண்ணையில் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"அழைக்கப்படுகிறார்கள்"

நீண்ட வாக்கியம் என்றால் முதலில் பயனிலையைப் பிடி என்று வகுப்பில் சொல்வது என் வழக்கம். இங்கே பயனிலை செயப்பாட்டு வினை. அழைப்பவர் யார் என்பது மறைந்து நிற்கிறது. அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், எல்லோரும் ஐ.சி.எம்.ஆர். என்று சொல்வது. 1911இல் அது பிறந்தபோது அதன் பெயர் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம். பெயரிலேயே நிதி இருந்தது. 1949இல்தான் இன்றைய பெயர் வந்தது. அதற்கு மேலே 2007இல் சுகாதார ஆராய்ச்சித் துறை என்று ஒரு தனித் துறையும் ஏற்பட்டது. அறிவியல் தொழில்நுட்பத் துறை 1971இலிருந்து இருக்கிறது. மூளை, மனம், அறிதல் பற்றிய ஆய்வுகளுக்கென்றே அது 2008இல் ஒரு திட்டம் தொடங்கியது. உயிரிதொழில்நுட்பத் துறை 1986இல் வந்தது. புதிதாக வந்தது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம். 2023இல் சட்டமாகி 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று பேசப்பட்டது. அதில் அரசு நேரடியாகத் தருவது 14,000 கோடி. மீதி தொழில் நிறுவனங்களிடமிருந்தும் நன்கொடையாளர்களிடமிருந்தும் வர வேண்டும். மாநில அளவில் 1984 முதல் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இருக்கிறது. சிறு தொகைதான், ஆனால் மாணவர் திட்டங்களுக்கும் தருகிறது.

இதையெல்லாம் அடுக்கியது ஒரு காரணத்துக்காக. விண்ணப்பிக்கிறோம் என்றதும் நம் பிள்ளைகள் கை கட்டி நிற்கிறார்கள். வினையைப் பார்க்கச் சொன்னேன். அழைப்பவர் அவர்கள். நெல் விற்ற பணத்தில் உரமும் டீசலும் வாங்கி வரி கட்டியவன் வீட்டுப் பிள்ளைக்கு வந்த அழைப்பு இது.

"தேசிய முன்னுரிமை வாய்ந்த நோய்கள்"

இந்தச் சொற்களைப் பார்த்ததும், "அதெல்லாம் டெல்லி விஷயம் மாமா" என்றாள். இங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன்.

எங்கள் புவனகிரியைச் சுற்றி வீராணம் தண்ணீரும் வெள்ளாற்றுத் தண்ணீரும் பாயும் வயல்கள். சம்பா நட்டு வடகிழக்குப் பருவமழையும் பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் வயலில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் கியூலெக்ஸ் இனக் கொசு ஒன்று முட்டையிடுகிறது. டிரைட்டினியோரிங்கஸ் என்று வாயில் நுழையாத பெயர் அதற்கு. ஜப்பானிய மூளைக் காய்ச்சலைப் பரப்புவது அதுதான். கொக்கு, நாரை, பன்றி ஆகியவற்றின் உடலில் பெருகும் வைரஸைக் கொசு எடுத்து வந்து மனிதக் குழந்தைக்குள் விடுகிறது. மனிதனிடமிருந்து அது வேறு யாருக்கும் போவதில்லை. இருநூற்றைம்பது பேருக்குத் தொற்றினால் ஒருவருக்குத்தான் கடுமையாகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படிக் கடுமையானவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை இறந்துபோகலாம்.

பெயரில் ஜப்பான் இருந்தாலும் இந்தியாவில் மனிதர்களிடம் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது 1955இல், வேலூரில். பிறகு மதுரையில் ஐ.சி.எம்.ஆர். நடத்திய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் இதைத் தொடர்ந்து ஆராய்வதற்குத் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா என்று கேட்டேன். தென்னார்க்காடு மாவட்டம். 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிவதற்கு முன்பு நம் மாவட்டத்தின் பெயர். விருத்தாசலத்தில் கள நிலையம் வைத்து ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். அந்த மதுரை மையம் பின்னாளில் புதுச்சேரியில் உள்ள நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்துவிட்டது.

அவர்கள் வேலை பொழுது சாய்ந்த பிறகு தொடங்கும். விளக்கு வைக்கும் நேரம் கடந்ததும் டார்ச் லைட்டோடு மாட்டுக் கொட்டகை ஓரங்களிலும் செடி மறைவிலும் போய் நிற்பார்கள். வாயில் வைத்து உறிஞ்சும் குழாயால் கொசுக்களை ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள். இனம் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கூட்டம் சேர்த்து, அவற்றுக்குள் வைரஸ் இருக்கிறதா என்று எலிசா முறையில் பார்ப்பார்கள். இருப்பதாகத் தெரிந்தால் அந்தச் சாற்றை இன்னொரு கொசுவின் உடலில் ஊசியால் ஏற்றுவார்கள். டாக்ஸோரிங்கைட்டிஸ் என்ற பெரிய கொசு. அது யாரையும் கடிக்காது, பூந்தேன் குடித்து வாழ்வது. வைரஸ் அதற்குள் நன்றாகப் பெருகும். சில நாள் கழித்து அதன் தலையைக் கண்ணாடிச் சில்லில் நசுக்கி ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் உறுதியாகத் தெரியும். குழந்தையின் மூளையைத் தாக்கும் கிருமியைக் கொசுவின் தலையில் தேடிப் பிடித்திருக்கிறார்கள். இந்த இடத்தில் அவள் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

அதே மதுரை மையத்தார் இன்னொன்றும் செய்தார்கள். வேப்பம்பிண்ணாக்கு பூசிய யூரியாவை வயலில் இட்டு, தண்ணீரைக் கட்டியே வைக்காமல் விட்டு விட்டுப் பாய்ச்சி, கொசுப்புழு குறைகிறதா என்று சோதித்தார்கள். குறைந்தது. மூளை நோய்க்கு மருந்து உழவனின் மடைவாயில் இருக்கிறது என்று சிந்திக்க ஓர் ஆய்வாளர் வயலில் இறங்கி நின்றிருக்க வேண்டும்.

2005இல் கோரக்பூர் பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இந்த நோய் கொண்டுபோனது. மறு ஆண்டு தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. நோய் உள்ள மாவட்டம் என்று ஏற்கெனவே அறியப்பட்ட கடலூரும் பின்னர் அதில் சேர்ந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்பதாம் மாதமும், பிறகு ஒன்றரை வயதை ஒட்டியும் குழந்தைக்கு ஜே.இ. ஊசி போடுகிறார்களே, எந்த மாவட்டத்தில் போட வேண்டும் என்று தெரிவதற்கு யாரோ முன்பே போய்ப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே முன்னுரிமை என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இது: டெல்லியில் பட்டியல் அச்சாகிறது, பட்டியலில் எழுத வேண்டியது கொட்டகை ஓரத்திலிருந்து போகிறது.

"நிரந்தரப் பணியில் உள்ள முதன்மை ஆய்வாளர்கள்"

இந்தத் தொடர்தான் அவளை வெளியே நிறுத்துகிறது. அவளை மட்டும் அல்ல. பத்தாண்டு, பதினைந்தாண்டு தொகுப்பூதியத்தில் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்களையும் நிறுத்துகிறது. ஆய்வு முடியும்வரை பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்பது நியாயம். ஆனால் திறமையுள்ளவர்களை நிரந்தரம் ஆக்காமல் வைத்துவிட்டு நிரந்தரமானவர்களை மட்டும் அழைப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

அவளுக்கு வேறு வாசல் இருக்கிறது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கென்றே ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் குறுகிய கால உதவித்தொகைத் திட்டம் நடத்துகிறது. எஸ்.டி.எஸ். என்பார்கள். தன் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாக வைத்து இரண்டு மாதத்தில் முடிக்கும் அளவுக்கு ஒரு கேள்வியை எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் செய்து முடித்து அறிக்கை தர வேண்டும், அறிக்கை ஏற்கப்பட்டால் பணம்.

"தெளிவான நோக்கமும் புதுமையும்"

நோக்கம் என்பதற்கு உரை குறைவு. "ஆராய்தல்" என்று எழுதாதே, எதை எண்ணப் போகிறாய், எதை அளக்கப் போகிறாய் என்று எழுது. புதுமை என்றதும் உலகில் யாரும் செய்யாததைத் தேடி அலைகிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையில் எலிகளுக்குப் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகளை உண்டாக்கி, செடிப்பொருள்கள் காக்குமா என்று நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள். நோய் பழையது, செடியும் பழையது, கேட்ட கேள்வி புதியது.

"நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்"

இது என் கைபட்ட இடம். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி குழந்தையிடம் ஆய்வு என்றால் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. ஏழு வயதுக்கு மேல் பிள்ளையிடமும் வாய்மொழியாகக் கேட்க வேண்டும், பன்னிரண்டுக்கு மேல் எழுத்தில் வாங்க வேண்டும். ஒரு முறை ஒரு மாணவர் கொண்டுவந்த படிவத்தில், "பங்கேற்பாளரின் குருதி மாதிரி சேகரிக்கப்படும்" என்று இருந்தது. எங்கள் தெரு ஆயா ஒருத்தியிடம் வாசித்துக் காட்டினேன். "யாரோட குருதிப்பா?" என்றாள். "உங்க பேரப்பிள்ளை விரல் நுனியில ஊசியால குத்தி ரெண்டு சொட்டு ரத்தம் எடுப்போம். வேணாம்னா வேணாம்னு சொல்லலாம், அதனால வைத்தியத்துக்கு ஒரு குறையும் வராது" என்று மாற்றி எழுதி மறுபடி வாசித்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவன் ஊசின்னா அழுவான், அவனையே கேட்டுக்க" என்றாள். வழிகாட்டுதல் எத்தனையோ பக்கத்தில் சொல்வதை அந்த ஆயா ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அந்தக் குழு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் குழு அல்ல. ஆயாவின் இடத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டிய குழு.

"நியாயமான வரவு செலவுக் கணக்கு"

ஐ.சி.எம்.ஆரில் சிறு நிதி என்பதே 2 கோடி ரூபாய் வரை, இடைநிலை நிதி 8 கோடி வரை போகும். கேட்டதும் அவள் மலைத்துப் போனாள். கணக்கைப் பிரித்தால் மலைப்பு அடங்கும். கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. ஆட்கள் சம்பளம், ரசாயனங்கள், பயணம் எல்லாம் தொடர் செலவு. மறந்துபோவது டார்ச் லைட் பேட்டரியும், இரவில் களத்துக்குப் போய்வர வண்டியும்தான்.

பணம் ஆண்டு ஆண்டாக வரும். செலவு செய்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும், படிவம் 12-அ. அது போகாமல் அடுத்த தவணை வராது. எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவன் ஒருவன், வேறு ஊரில், அந்தச் சான்றிதழ் ஒரு மேசையில் கிடந்ததால் ஏழு மாதம் உதவித்தொகை இல்லாமல் இருந்தான். அந்த ஏழு மாதமும் அவனுடைய அப்பா இங்கே தறியில் உட்கார்ந்து நெய்த பட்டுப் புடவைக் கூலியில்தான் அவன் சாப்பிட்டான். சான்றிதழ் அனுப்புவது கணக்குப் பிரிவின் வேலை என்று யாரும் இருந்துவிடக் கூடாது. அதன் மறுமுனையில் ஒருவன் சாப்பாடு இருக்கிறது.

"குறித்த நாளுக்குள்"

கடைசி நாளுக்கு உரை வேண்டாம். நிறுவனத் தலைவர் கையெழுத்துக்கு ஒரு வாரம், வழிகாட்டி திருத்தித் தர ஒரு வாரம், அதற்கு முன் எழுதி முடி என்று மட்டும் சொன்னேன்.

"எதைப் பத்தி எழுதுறது மாமா?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. மூளைக் காய்ச்சலில் பிழைத்தவர்களில் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பேருக்கு வலிப்போ, கை கால் விளங்காமையோ, பேச்சுக் குறையோ வாழ்நாளெல்லாம் நிற்கும் என்ற கணக்கை மட்டும் படித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அத்தை மகனைப் பற்றிச் சொன்னாள். ஆறு வயதில் மூளைக் காய்ச்சல் வந்து பிழைத்தவன். இப்போது பத்தொன்பது வயது. வலது கையில் டம்ளர் நிற்காது. அத்தை சோற்றை உருட்டி இடது உள்ளங்கையில் வைப்பாள், அவன் வாய்க்குக் கொண்டுபோகும்வரை தன் கையைக் கீழே ஏந்திக்கொண்டே இருப்பாள். பதின்மூன்று ஆண்டாக அத்தை அவனைத் தனியே விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை.

இந்த மாதிரி எத்தனை அத்தைகள் இருப்பார்கள் என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா என்று கேட்டாள்.

அன்று இரவு எட்டரை மணிக்கு அவள் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். மடிக்கணினியில் தலைப்பு என்ற கட்டத்தில் முதலில் தட்டியிருந்த "மூளைக் காய்ச்சல்: ஒரு பார்வை" என்பதை அழித்துவிட்டு, "மூளைக் காய்ச்சலில் பிழைத்த பிள்ளைகளின் தாய்மார் ஒரு நாளில் எத்தனை மணி நேரம்" என்று தொடங்கி, புவனகிரி வட்டம் என்று சேர்த்துக்கொண்டிருந்தாள்.