படித்தொகையும் வாக்குரிமையும்



"ஐயா, நகராண்மைக் கழக உறுப்பினருக்குச் சம்பளம் தருபவர் யார்?" என ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வினவினான். அவ்வினாவின் விடையில் ஒரு வரலாறே அடங்கியுள்ளது.

பொதுப்பணிக்கு ஊதியம் என்பது ஏழைகளின் கோரிக்கையாகும். 1838இல் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் தங்கள் மக்கள் சாசனத்தில் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஊதியம் கேட்டனர். ஊதியம் இல்லையேல் செல்வர் மட்டுமே மன்றம் புகுவர் என்பது அவர்தம் வாதம். 1911இல்தான் ஆண்டுக்கு 400 பவுன் என்று அது நிறைவேறிற்று.

நம் ஜொகூரிலும் ஒரு காலத்தில் நகர மன்றங்களுக்கு மக்கள் வாக்களித்தனர். இந்தோனேசியாவுடன் பூசல் நிலவிய 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில், மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் என்னும் தமிழரின் தலைமையில் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. மன்றங்களின் குறைகளை ஆராய்ந்த பின்னரும், தேர்தல் தொடர வேண்டும் என்றே அது பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி, மன்றமொன்றுக்கு 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. அவர்தம் படித்தொகையும் மாநில அரசின் முடிவுக்கு உட்பட்டதே.

மதிப்பீட்டு வரி செலுத்துவோர் நாம். தேர்ந்தெடுப்போர் நாம் அல்லர். உழைப்பவருக்குப் படித்தொகை தருவதை நான் குறை கூறேன். பெறுபவர் யாருக்குக் கணக்குக் காட்டுவது என்பதே என் கவலை.

அம்மாணவனிடம், "உன் பெற்றோரின் வரிப்பணமும் அதில் உண்டு" என்றேன். "அப்படியானால் அவர்கள் ஏன் ஓட்டுப் போடுவதில்லை?" என்றான்.

வகுப்பறையில் எழுந்த இவ்வினாவை வீட்டிலும் பேசுவோம்.