அடைப்புக்குறிக்குள் ஒரு மாதர் சங்கம்

பெரியம்மாவின் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் அந்த அடைப்புக்குறியைக் கவனித்தேன். எங்கள் முறை வர நேரமிருந்தது. போனில் சார்ஜ் இல்லை. படிக்கக் கையிலிருந்தது அந்த ஃபைல் மட்டும்தான். மேலே மருத்துவமனையின் பெயர். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் மூன்று எழுத்துகள்: டபிள்யூ.ஐ.ஏ.

"என்னது அது, ஆஸ்பத்திரி வாங்கின பட்டமா?" என்றார் பெரியம்மா.

பட்டம் இல்லை. விமன்ஸ் இண்டியன் அசோசியேஷன். தமிழில் சொன்னால் இந்திய மாதர் சங்கம். தென்னிந்தியாவின் ஏழைகள் புற்றுநோய் என்றதும் பஸ் ஏறி வரும் இந்த இடத்தை உருவாக்கியது ஒரு மாதர் சங்கம்.

மாதர் சங்கம் என்றதும் நம் மனதில் என்ன ஓடும்? பழைய தமிழ்ப்படங்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூலிங் கிளாஸ், கொண்டை, கையில் ஹேண்ட்பேக், "சகோதரிகளே" என்று ஆரம்பிக்கும் மேடைப் பேச்சு. வீட்டில் புருஷன் சமைத்துக்கொண்டிருப்பான். பத்திரிகை ஜோக்குகளிலும் அதே அம்மாதான். பணக்கார வீட்டுப் பெண்கள் பொழுதுபோகாமல் செய்கிற காரியம் என்று தலைமுறை தலைமுறையாகச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நியாயமும் இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு பெரிய வரலாற்றை மறைத்தும் விட்டது.

1917 மே 8. அடையாறில் இந்தச் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட் தலைவர். அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸ், இங்கிலாந்தைச் சேர்ந்த டோரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்று நடத்தியவர்கள். கசின்ஸ் லேசுப்பட்டவர் அல்ல. பெண்களுக்கு ஓட்டு கேட்டு லண்டனிலும் டப்ளினிலும் சிறை சென்றவர். அம்மு சுவாமிநாதன் போன்ற இந்தியப் பெண்களும் தொடக்கத்திலேயே இணைந்தார்கள். கிளைகளில் நடந்தவை ரொம்பச் சாதாரணமான வேலைகள். தாய்மொழியில் எழுத்து கற்றுக்கொடுப்பது, தையல், முதலுதவி, குழந்தை வளர்ப்பு பற்றிச் சொற்பொழிவு. 1918லிருந்து 'ஸ்திரீ தர்மா' என்று ஒரு பத்திரிகை. ஆங்கிலம்தான் பிரதானம், ஆனால் தமிழ், தெலுங்குப் பகுதிகளும் இருந்தன.

இதில் என்ன புரட்சி இருக்கிறது என்று தோன்றலாம். அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். கோயில், கல்யாணம், சாவு இந்த மூன்றும் தவிர வேறு காரணத்துக்காக ஒரு குடும்பப் பெண் வீட்டைவிட்டுக் கிளம்பி நாலு பெண்களோடு உட்கார்ந்து பேசுவதே புதுசு. அங்கே போனால் சந்தா கட்ட வேண்டும், கணக்கு எழுத வேண்டும், தீர்மானம் போட வேண்டும், எழுந்து நின்று பேச வேண்டும். தையல் வகுப்புக்குப் போன பெண் கையோடு இதையும் கற்றுக்கொண்டு வந்தாள். சேவை என்ற பெயர்தான் அவளை வீட்டு வாசல் தாண்ட விட்டது. "அரசியல் பேசப் போறேன்" என்று சொல்லியிருந்தால் எந்த மாமியார் விட்டிருப்பார்?

சேவையிலிருந்து அரசியலுக்கு எப்படித் தாண்டினார்கள் என்பதற்கு ஒரு ருசியான சம்பவம் உண்டு. 1917 கடைசியில் இந்தியா மந்திரி மாண்டேகு அரசியல் சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்க இங்கே வந்தார். பெண் கல்வி பற்றி அவரிடம் பேச நேரம் வேண்டும் என்று கசின்ஸ் விண்ணப்பித்தார். அரசியல் விஷயம் பேச வருகிறவர்களை மட்டும்தான் மந்திரி பார்ப்பார் என்று பதில் வந்தது. வேறு யாராவது இருந்தால் சரி என்று விட்டிருப்பார்கள். கசின்ஸ் விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினார். இந்தியர்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கும்போது அதில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை உள்ளே வந்தது. டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்தது. ஆக, 'அரசியல்னா மட்டும் வா' என்ற ஒரு அலுவலக விதி, சேவை செய்துகொண்டிருந்தவர்களை அரசியலுக்குள் தள்ளிவிட்டது. லண்டன் உடனே சம்மதிக்கவில்லை, மாகாண சட்டசபைகளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டது. 1921ல் சென்னை சட்டசபை பெண்களுக்கு ஓட்டுரிமை தரத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். சொத்து உள்ளவர்களுக்கே ஓட்டு என்பதால், பெண்களிலும் மிகச் சிலருக்குத்தான் அது கிடைத்தது.

1926 தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று மிகக் குறைந்த வாக்குகளில் தோற்றார். சங்கம் விடவில்லை. நியமன உறுப்பினராக ஒரு பெண்ணைப் போடுங்கள் என்று அரசிடம் கேட்டு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைக் கொடுத்தது. புதுக்கோட்டையில் பிறந்து, 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சட்டசபைக்குள் போன அவர் துணைத்தலைவராகவும் ஆனார். பாடப்புத்தகத்தில் அவர் படம் இருக்கிறது. அவரை அனுப்பிவைத்த சங்கத்தைப் பற்றி ஒரு வரி படித்த ஞாபகம் எனக்கில்லை.

இனி அந்தச் சிரிப்பில் இருந்த நியாயத்துக்கு வருவோம். மாதர் என்றால் யார் அந்த மாதர்?

இந்தச் சங்கத்துக்கு ஐந்து வருடம் முன்னால், 1912ல், சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். அவரே குழந்தை விதவை. சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை. மெரினா கடற்கரையில் நாம் விவேகானந்தர் இல்லம் என்று சொல்கிற ஐஸ் ஹவுஸில்தான் அவருடைய விடுதி பல வருடங்கள் நடந்தது. மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட சிறுமிகள் அங்கே தங்கிப் படித்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். மகத்தான காரியம்தான். ஆனால் அந்த விடுதி பிராமண விதவைச் சிறுமிகளுக்கானது. ரோட்டுக்கு அந்தப்பக்கம் கடல், கொஞ்சம் தள்ளி மீனவர் குப்பம். குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சுப்புலட்சுமி பள்ளி நடத்தினார் என்பதும் உண்மை. ஆனாலும் ஒரே விடுதியில் இருவரையும் சேர்த்து உட்காரவைக்க அந்தக் காலத்துச் சேவையால் முடியவில்லை.

தேவதாசி முறை ஒழிப்பு இன்னும் சிக்கல். முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர், எனவே இது அவருக்கு வெளியிலிருந்து பார்த்து இரக்கப்படுகிற விஷயம் அல்ல. 1927ல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். கோயில் சேவைக்காகத் தரப்பட்ட மானிய நிலங்களை அந்தக் கடமையிலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே ஆக்கும் சட்டம் 1929ல் வந்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டத்துக்கு 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்களும் சென்னையிலிருந்த தேவதாசிகள் பலரும் இதை எதிர்த்து மனு கொடுத்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்களை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்பதுதான் அதன் சாரம். அதே சமூகத்திலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் அந்த முறைக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தார் என்பதையும் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். உதவி செய்கிற சங்கத்தில் உதவி பெறுகிறவளுக்கு நாற்காலி உண்டா? எல்லாச் சேவைச் சங்கங்களையும் பார்த்து, இன்றைக்கும்கூட, கேட்க வேண்டிய கேள்வி இது.

1930ல் அந்தக் கேள்வி முத்துலட்சுமியின் வீட்டுக் கதவையே தட்டியது. தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய மூன்று பெண்கள் அடைக்கலம் கேட்டு வந்து நின்றார்கள். சென்னையின் விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுதான் அவ்வை இல்லம் ஆனது. சட்டம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது, வெளியே வந்த பெண் ராத்திரி எங்கே படுப்பாள் என்பதற்கும் பதில் வேண்டும் என்று அந்த மூன்று பெண்கள் சங்கத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்றே நான் இதை வாசிக்கிறேன்.

அடைப்புக்குறிக்கு வருவோம். முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். தானே டாக்டராக இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1935ல், சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். அரசு அசையவில்லை. கேன்சர் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற பதில்தான் மேலிடத்திலிருந்து வந்தது என்று டாக்டர் சாந்தா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சங்கம் 1949ல் புற்றுநோய் நிவாரண நிதி என்று ஒன்றைத் தொடங்கியது. சந்தா வசூலித்துப் பழகிய கைகள். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது, 12 படுக்கைகளோடு. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி நடத்தினார், 1955ல் சாந்தா வந்து சேர்ந்தார். 2021ல் இறக்கும்வரை சாந்தாவுக்கு அந்த வளாகம்தான் உலகம்.

1935லிருந்து 1954 வரை பத்தொன்பது வருடம். நடுவில் உலகப்போர், சுதந்திரம், பிரிவினை. ஒரு தனிமனுஷி பத்தொன்பது வருடம் கனவு காணலாம். ஆனால் நிதிக்கு வரவு செலவு எழுதி, ரசீது கொடுத்து, கூட்டம் போட்டு அந்தக் கனவைத் தாங்க ஒரு சங்கம் வேண்டும். தலைவியின் பெயர் சாலைக்கு வரும், திட்டத்துக்கு வரும். மினிட்ஸ் எழுதியவளின் பெயர் மினிட்ஸ் நோட்டோடு போய்விடும். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து மிஞ்சியது அந்த மூன்று எழுத்து.

அடையாறோடு இது முடியவில்லை. 1953ல் மத்திய சமூகநல வாரியம் வந்தது. தலைவர் துர்காபாய் தேஷ்முக், அவரும் சென்னையில் ஆந்திர மகிள சபாவைத் தொடங்கியவர். சென்னை மாநிலத்துக்கான ஆலோசனை வாரியத்துக்குத் தலைவர் நம் முத்துலட்சுமி. பதிவு செய்த மகளிர் அமைப்புகளுக்கு அரசு மானியம் கிடைக்கத் தொடங்கியது. சின்ன ஊர்களில்கூட மாதர் சங்கக் கட்டடம், அதில் ஒரு பால்வாடி, நாலு தையல் மிஷின் என்று வந்ததற்குப் பின்னால் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

இதையெல்லாம் அன்றைக்கு நான் பெரியம்மாவிடம் சொல்லவில்லை, எனக்கே அப்போது தெரியாது. 'மாதர் சங்கம் பெரியம்மா' என்று மட்டும் சொன்னேன், அதுவும் பக்கத்தில் இருந்த நர்ஸைக் கேட்டுத் தெரிந்துகொண்டு.

"மாதர் சங்கமா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க ஊர் மாதர் சங்கத்துலதான் நான் மிஷின் மிதிக்கக் கத்துக்கிட்டேன். சாயங்காலம் போவோம். அந்தத் தலைவியம்மா எங்களைத் திண்ணையிலதான் உக்கார வைக்கும், உள்ள விடாது. ஆனா நல்லா சொல்லிக்குடுக்கும். உங்க பெரியப்பா போனதுக்கப்புறம் அந்த மிஷின்தான் மூணு பிள்ளைகளுக்கும் சோறு போட்டுச்சு."

திண்ணை, மிஷின், இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். ஒன்றை மறைத்து இன்னொன்றை மட்டும் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. மாதர் சங்கங்களின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கும் அப்படித் தோன்றக் கூடாது.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஃபைலை வாங்கிக்கொண்டு பெரியம்மா முன்னால் நடந்தார்.