துபாசியும் கணினி மொழிகளும்

1624 இற் கோட்டை எழுந்தபின் திருக்கோணமலைத் துறைமுகம் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சியர், ஆங்கிலேயர் என்போர் கைகளில் மாறி மாறி இருந்தது. ஆள்வோர் மொழி மாறியபோதெல்லாம் கரைவாழ் மக்கள் தம் மொழியை மாற்றினாரல்லர். இடைநின்று பேசுவோன் ஒருவனே வேண்டப்பட்டான். கீழைத் துறைகளில் அவனைத் துபாசி என்றனர். இருமொழியாளன் எனப் பொருள்படும் வடசொல்லே இவ்வாறு மருவிற்று.

கணினி உலகிலும் இத்தேவை எழுந்தது. ஒரு மொழியில் எழுதிய நிரல், வேறொரு மொழியில் எழுதிய சிறுநிரலை இயக்குதற்கு வழிகள் இரண்டுள. இரண்டாவதைத் தனியே ஓடவிட்டு, அது எழுதித் தருவதைப் படித்துக்கொள்ளுதல் ஒன்று. இஃது எளிது, எனினும் இரு கப்பல்கள் தோணிவழிக் கடிதம் மாற்றுவது போன்றது. எண்ணும் எழுத்துருவிலேயே வரும்; பெற்ற நிரல் அதனை மீண்டும் எண்ணாக்க வேண்டும். மற்றையது, அயன்மொழியின் இயக்கியைத் தன்னகத்தே வைத்துக்கொள்ளுதல். இதில் தரவுகள் நேரே கைமாறும். ஆயின் அயற்சிறுநிரலின் பிழையும் வஞ்சமும் வீட்டினுள்ளேயே புகும் என்பதை மறத்தலாகாது.

இயக்கி ஒவ்வொன்றையும் அழைக்கும் முறை வெவ்வேறாயிருந்தமையே பெருந்தொல்லை. பத்து நிரல்களும் ஐந்து மொழிகளும் இருப்பின் ஐம்பது இணைப்புகள் வேண்டும். 1999 இல், ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த இலங்கையர் சஞ்சீவ வீரவரண, 'பீன் ஸ்கிரிப்டிங் பிரேம்வேர்க்' என்னும் ஆய்வைத் தொடங்கினார். யாவாப் பொருள்களைச் சிறுநிரல் மொழிகள் கையாள வழிசெய்வதே அதன் முதல் நோக்கம். யாவா நிரல் ஒரு மேலாளருடன் மட்டுமே பேசும்; மொழியின் பெயரைக் கேட்டு உரிய இயக்கியை அம்மேலாளரே அழைப்பார். யாவாஸ்கிரிப்ட், பைதன், நெட்ரெக்ஸ் முதலியவற்றுக்கு இயக்கிகள் அமைந்தன. கைமாறவேண்டிய பொருள் பொதுப் பதிவேடொன்றிற் பெயரிட்டு வைக்கப்படும். சிறுநிரல் அப்பெயரைச் சொல்லிப் பெற்றுக்கொள்ளும். ஐம்பது இணைப்புகள் பதினைந்தாயின. திருத்தமான துபாசித் தொழில் இதுவே.

2002 இல் இம்முயற்சி அப்பாச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது. 2006 இல் வெளிவந்த யாவா 6, இதனையொத்த ஏற்பாட்டைத் தன் உறுப்பாகவே கொண்டது. 2014 இல் யாவா 8 உடன் 'நாஸ்ஹோர்ன்' என்னும் யாவாஸ்கிரிப்ட் இயக்கி வந்தது. செருமன் மொழியிற் காண்டாமிருகம் என்பது அதன் பொருள். 2020 இல் யாவா 15 அதனை நீக்கிற்று. மேலாளர் பதவி நிலைத்தது. அழைக்கப்படும் துபாசி இலன். அத்தகைய வேளையில் மேலாளர் பிழையென்று கூவுவதில்லை. வெறுமைக் குறி ஒன்றையே திருப்பித் தருவார். அதனை நோக்காது மேற்சென்ற நிரல்கள் அடுத்த அடியிலேயே வீழ்ந்தன.